தோஹாக் கிளையின் கடிதம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். அதோடு இதில் வருகிறவர்கள் என் தோளோடு தோள் நின்று தொழுகிறவர்கள். ஆனாலும் இனி வாய்மூடி இருந்தால் அல்லாஹ்விடம் நான் பதில் சொல்ல வேண்டிவரும்.

வளைகுடாவின் ஆறு அரபு நாடுகளும் ஒரு கூட்டமைப்பு. வியாபாரம், சுங்கம், படை என்று எதிலும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதாக ஒப்பந்தம். அந்த நம்பிக்கையில் அமீரகத்தின் முசஃபாவிலிருந்து சவூதி வழியாகத் தோஹாவுக்குப் பதினோரு வருஷம் டிரெய்லர் ஓட்டினேன். எங்கள் கடற்கரை ஊர்க்காரர்களும் அதைப் பார்த்துத்தான் ஆறு நாட்டிலும் ஜமாஅத் கிளை வைத்தோம்.

ஊரில் நிக்காஹ் என்றால், மாப்பிள்ளை வேலை பார்க்கும் நாட்டுக் கிளை, ‘இவர் தொழுகையாளி, இங்கே இவருக்கு வேறு மனைவி இல்லை’ என்று கடிதம் தர வேண்டும். பெண்ணின் வாப்பா இருக்கும் நாட்டுக் கிளை அதில் முத்திரை போட்டு ஊருக்கு அனுப்பும்.

என் மகளுக்குத் தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த பையனைப் பேசி முடித்திருந்தோம். பெருநாள் கழித்து நிக்காஹ். அந்த நோன்பில்தான் ஆட்சியாளர்களுக்குள் பிணக்கு வந்து, அமீரகமும் சவூதியும் கத்தாரோடு உறவை முறித்து எல்லையை அடைத்தன. என் டிரெய்லர் யார்டில் நின்றது.

வெள்ளிக்கிழமை முவைலாவில், எங்கள் அமீரகக் கிளைச் செயலாளரின் ரூமில் கூட்டம். என்னைவிட இளையவர், அண்ணன் முறையில் என்னைக் ‘காக்கா’ என்பவர். நான் நீட்டிய தோஹாக் கிளைக் கடிதத்தை இரண்டு விரலால் தள்ளினார்.

“காக்கா, கத்தார் லெட்டர் இப்ப வேணாம். அங்க உள்ளவங்க எல்லாரையும் வாட்ஸ்அப் குரூப்ல இருந்தே எடுத்தாச்சு.”

“எடுக்கச் சொன்னது யாரு தம்பி?”

“யாரும் சொல்லல. நாமளா ஜாக்கிரதையா இருக்கணும்ல?”

“ஆட்சியில உள்ளவங்களுக்கு பார்டர் இருக்கு, பூட்டுறாங்க. உங்கள்ட்ட பூட்ட என்ன இருக்கு? இந்த ரூம் கதவே ஒழுங்கா பூட்டாது.”

சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது. துணிக்கடை வைத்திருக்கும் என் மச்சான் ஒருவர் சமாதானத்துக்கு வந்தார்.

“மச்சான், வீம்பு பண்ணாதீங்க. இதையே மஸ்கட் கிளை லெட்டர்பேடுல அடிச்சு வாங்கிருவோம். ஓமான் யாரு பக்கமும் இல்ல. களாஸ், வேலை முடிஞ்சுது!”

“மஸ்கட்காரங்க பையனப் பாத்திருக்காங்களா?”

“பாத்தா என்ன, பாக்காட்டி என்ன?”

“பாக்காதவன் பாத்தேன்னு எழுதுனா பொய்ச்சாட்சி. என் மக நிக்காஹ்ல அது வேணாம்.”

“அப்ப நிக்காஹே நடக்காது காக்கா” என்றார் செயலாளர்.

“நடக்கும், இன்ஷா அல்லாஹ்.”

பஸ்ஸில் திரும்பும்போதே ஊருக்குப் போன் போட்டேன். மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். “பொய்யில ஆரம்பிக்க வேணாம். நீங்க லீவு போட்டு வாங்க” என்றாள்.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் பறந்தேன். அஸர் தொழுகை முடிந்ததும் ஊர் ஜமாஅத் தலைவர் முன் வைத்தேன்.

“அமீரக முத்திரை எங்க?”

“போடல. பயந்துட்டாங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். தோஹாக் கிளைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, எல்லோர் காதிலும் விழப் பையனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டு முடித்துக் கையெழுத்துப் போட்டார். தோஹா முத்திரை ஒன்றோடுதான் என் மகளின் நிக்காஹ் நடந்தது. அமீரகத்திலிருந்து லீவில் வந்திருந்த ஒருவரும் விருந்துக்கு வரவில்லை. மிஞ்சிய சஹன் தட்டுச் சாப்பாட்டை மதரஸாப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு ஆட்சியாளர்கள் கட்டித் தழுவிக்கொண்டார்கள். எல்லை திறந்தது. தோஹாக்காரர்களைக் குரூப்பில் திரும்பச் சேர்த்தார்கள். போன நோன்பில் இஃப்தார் மேடையில் அதே செயலாளர், “நாடுகள் பிரிந்தபோதும் நம் ஜமாஅத் பிரியவில்லை” என்று பேசினார். கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

“பிரிஞ்சோம் தம்பி. யாரும் சொல்லாம நாமளாப் பிரிஞ்சோம்.”

என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மஸ்கட்டிலிருந்து கடிதம் வந்தது என்றோ, செயலாளர் கடைசியில் மனம் இரங்கினார் என்றோ இனிப்புத் தடவ வேண்டாம். என்னை வீரனாக்கவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடியே கைமாற்றுங்கள்.