கூழைக்கடாவின் நெஞ்சு

சிலைப் பட்டறையில் அவள் வேலை ரத்தம். அச்சில் வார்க்க ஓர் ஆள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஓர் ஆள், கண் எழுத ஒரு கிழவர். எல்லாம் முடிந்தபிறகு சிவப்பு மட்டும் அவளுடையது. முள்முடி குத்திய நெற்றி, ஆணி இறங்கிய உள்ளங்கை, பலியான ஆட்டுக்குட்டியின் கழுத்து, எதுவானாலும் கடைசியில் அவளிடம்தான் வரும். அதனால் அவளுக்கு ரத்தக்காரி என்றே பெயர். அவள் தொட்ட சிலையை முதலாளி திரும்பிப் பார்க்கமாட்டார். அப்படியே துணி சுற்றிக் கட்டி அனுப்பிவிடுவார்.

படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு எல்லாம் செய்தது அவள். பிறகு அப்பாவுக்கு. பிறகு தம்பி பிள்ளைகளுக்குப் பீத்துணி அலசி ஆளாக்கியதும் அவள்தான். அவளுடைய கல்யாணப் பேச்சை எடுத்தாலே அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்துவிடும். பிள்ளைகள் தலையெடுத்தபின் ஒருவழியாகத் தனியறை பிடித்தாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளைப் போடும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அப்போதுதான் தம்பியின் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தாள். பெற்ற மகளுக்கு அந்த நாற்றம் குமட்டுமாம். புருஷனும் பெண்டாட்டியும் கூடிப் பேசிப் பட்டறைக்கு வந்து கூழைக்கடா சிலை ஒன்றுக்குச் சொன்னார்கள். தன் நெஞ்சை அலகால் கிழித்துக் குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும் பறவை. கிறிஸ்துவின் அன்புக்கு அடையாளமாகக் கோயிலில் வைப்பது.

"உன் பேர்ல கோயிலுக்குக் குடுக்குறோம்க்கா. நீ அத்தையப் பாத்துக்க வரப்போறத ஃபாதர் பிரசங்கத்துலயே சொல்லிடுவாரு," என்றான் தம்பி.

"எங்கிட்ட யாருடா கேட்டா?"

"உங்களக் கேக்கணுமா அண்ணி? உங்கள நாங்க மனுஷியாவா பாக்குறோம்? புனிதையாத்தான் பாக்குறோம்," என்று தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துத் தடவினாள். எதையோ தின்றுவிட்டுத் துடைக்காத கை. எண்ணெய்ப் பிசுக்கு டர்பன்டைன் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

சிலை அவள் மேசைக்கு வந்தது. இதே அச்சில் வந்த எத்தனையோ பறவைகளுக்கு அவள் கண் கலங்கிச் சிவப்பு வைத்திருக்கிறாள். இன்று குஞ்சுகளைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே வைத்தாள். குஞ்சுகளா இவை? கழுத்து தடித்த தடிமாடுகள்! வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார். அவளுடைய ஆண்டவர் சிலுவையில் தன்னைத் தானாகக் கொடுத்தார். கையைத் தடவி, ஊர் கூட்டி, யாரும் அவரிடம் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த அன்பின் பெயரைச் சொல்லி இந்தப் பிடுங்கலா? சீ!

சுண்ண மாவு குழைத்துப் பறவையின் நெஞ்சுக் காயத்தை அடைத்தாள். வழவழவென்று தேய்த்து வெள்ளை பூசினாள். மிச்சச் சிவப்பு முழுவதையும் குஞ்சுகளின் அலகில் அப்பினாள், கண் வரைக்கும். வழக்கம்போல முதலாளி பார்க்காமலே கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பீடத்தருகே ஃபாதர் துணியை விலக்கினார். தயாராக வைத்திருந்த பிரசங்கத் தாளை மடித்துக்கொண்டார். முன்வரிசையில் ஒரு குழந்தை சத்தமாகக் கேட்டது: "அம்மா, இதுங்க யாரக் கடிச்சுதுங்க?"

"நெஞ்சுல ரத்தம் எங்கக்கா?" தம்பி பல்லைக் கடித்தான்.

அவள் எழுந்து நின்றாள். குரல் கடைசி வரிசை வரை கேட்டது. "நான் வரல ஃபாதர். வரேன்னு யாருகிட்டயும் சொல்லவும் இல்ல." முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

மத்தியானம் அறைக்கதவை யாரோ தட்டினார்கள்.

"அக்கா, அத்தை படுக்கையிலயே வெளிக்குப் போயிட்டாங்க. அவ வாந்தி எடுத்துட்டு உக்காந்திருக்கா. எனக்கும் கொமட்டுதுக்கா."

தாழ்ப்பாளில் கைவைத்தபடி உள்ளே நின்றாள்.

"எனக்கும்தான் கொமட்டுச்சு தம்பி, நம்ம அம்மாவுக்குச் செஞ்சப்ப. மூக்குல துணியக் கட்டிக்கோ. மொதல்ல அவங்கள ஒருக்களிச்சுப் படுக்க வை. வெந்நி போடு. போ, ஈரத்துல கெடக்குறாங்க."