ஒன்றன்மேல் ஒன்று படிந்த கோடுகள்

திருப்பதியில் அணுக்கருக் கோட்பாட்டில் நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக ஐதராபாத்துக்குக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பறந்துவிட்டார்கள். ஆராய்ச்சி அறையில் நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்தான் மிச்சம்.

அணுக்கருவுக்குள் இருக்கும் துகள்களுக்குத் தனித்தனி ஆற்றல் நிலைகள் உண்டு. அவற்றில் சில, பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை, ஜோடி ஜோடியாக ஏறக்குறைய ஒரே ஆற்றலில் அமைந்திருக்கும். இது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். ஏன் என்பதுதான் தெரியவில்லை. சார்பியலைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெரிய பகுதியும் மிகச் சிறிய பகுதியும் வரும். சிறியதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒருநாள் சும்மா அதை வரைந்து பார்த்தேன். ஜோடியில் இருந்த இரண்டு நிலைகளின் கோடுகளும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று படிந்தன.

என் வழிகாட்டியிடம் ஓடினேன். நல்ல மனிதர், அவசரப்படமாட்டார். "புரோகிராம்ல ஏதோ தப்பும்மா. வேற அணுக்கருவுக்கும் போட்டுப் பாரு," என்றார்.

போட்டேன். பாதியில் கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து ஓட்டுவேன். அந்தக் கோடை முழுக்க இப்படியே போயிற்று. எதற்குப் போட்டாலும் கோடுகள் படிந்தன.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் அப்போது கப்பலில் வரும். புது இதழ் என்று லைப்ரரியில் வைத்திருந்தது பல மாதம் பழையது. நின்றபடியே புரட்டினேன். அணுக்கருவுக்குள் துகளை இழுக்கும் விசையும் தள்ளும் விசையும் மிகப் பெரியவை. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஜோடிகள் அதனால்தான் உண்டாகின்றன என்று யாரோ எழுதியிருந்தார்கள். பக்கத்தில் நான் வரைந்தது போலவே ஒரு படம். அதே கோடுகள். அந்த இரண்டு விசைகளையும் தினமும் புரோகிராமில் என் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

பம்ப்செட் சாமான் வாங்க நகரிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அப்பா, எங்கள் வழக்கில் நைனா, அன்று வந்திருந்தார். அவரை பஸ் ஏற்றிவிட ஷேர் ஆட்டோவில் போகும்போது அழுதுவிட்டேன்.

"இன்னா கண்ணு, யாரு இன்னா சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல நைனா. நான் போட்ட கணக்க வேற ஒருத்தர் முன்னாடியே போட்டுட்டாங்க."

"உன்னிது தப்பா?"

"சரிதான்."

"அப்ப நாமளும் போட்டோம்னு அவங்களாண்ட சொல்ல முடியாதா?"

"யாருகிட்ட சொல்றது நைனா?"

ஆட்டோவில் இருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். பஸ் ஏறியபின் ஜன்னல் வழியாக, "வேளைக்குத் துன்னு," என்று மட்டும் சொன்னார்.

வழிகாட்டி அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. பிறகு அவர் சொன்னபடியே, அந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்ப்பதாக ஆய்வை மாற்றி எழுதினேன். பட்டம் கிடைத்தது. ஏற்கெனவே தெரிந்த விளக்கத்தை இந்த ஆய்வு நன்றாக உறுதிசெய்கிறது என்று தேர்வாளர் எழுதியிருந்தார். உண்மைதான். அதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.