ரெக்ஸின் பெல்ட்டின் உள்தையல்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'குஷன் மாஸ்டர்' என்றுதான் பெயர். சோபா, கார் சீட், தியேட்டர் நாற்காலி, எது கிழிந்தாலும் அவரிடம் வரும். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். வேலையில் யாராவது குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கும் வரும், மெஷினில் உட்கார்ந்து தைப்பவள் நான்தானே.

இரண்டு வருஷத்துக்கு முன் குடலில் ஓட்டை விழுந்து, அவசரமாக வயிற்றைத் திறந்து தைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் சில மாதத்தில், தையல் போட்ட இடத்தில் சதை விலகி, குடல் தோலுக்கடியில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி பிதுங்கி நின்றது. இருமினால் இன்னும் பெரிதாகும். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சோபாவை மேஜைமேல் ஏற்றுவதும் இறக்குவதும் என் தலையில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றிக் கட்ட ஒரு பெல்ட் கொடுத்தார்கள். "இதெல்லாம் ஒரு தையலா?" என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தானே ஒன்று செய்துகொண்டார். வெளியே கேன்வாஸ், நடுவில் ஃபோம், உடம்பில் படும் பக்கம் ரெக்ஸின். அழுக்கு ஒட்டாது, துடைத்தால் போய்விடும் என்று பெருமை வேறு. சோபாவுக்கு வியர்க்காது, மனுஷனுக்கு வியர்க்கும் என்பது அந்த மேதாவிக்குத் தோன்றவில்லை. பழைய தழும்பு உள்ளுக்குள் ஊறிக்கொண்டே இருந்தது.

ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. விலகிய சதையை இழுத்துத் தைத்து, மறுபடி பிரியாமலிருக்க உள்ளே ஒரு வலை வைப்பார்கள். அது நன்றாகப் பிடித்துக்கொண்டால் பழையபடி வேலை செய்யலாம். மனுஷன் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அட்மிட் ஆன அன்று, தழும்பின் ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளியைக் கண்டு டாக்டரம்மா விரலை வைத்தார்.

"இது என்ன? கசியுதா?"

"வேர்க்குரு டாக்டர். நேத்துதான் வந்துச்சு, சொறிஞ்சிட்டேன்."

சொல்லிவிட்டுக் காதைத் தடவினார். பொய் சொன்னால் அவர் காதைத் தடவுவார்.

கழற்றிய பெல்ட் என் மடியில் இருந்தது. ரெக்ஸின் பளபளவென்று இருந்தது. கைப்பையிலிருந்த நூல் வெட்டும் கத்தரியால் உள்தையலைப் பிரித்தேன். உள்ளே ஃபோம் மஞ்சள் பூத்து, குப்பென்று நாறியது. ஒருநாள் கறை இல்லை அது, வாரக்கணக்கில் ஊறியது.

"இதப் பாருங்க டாக்டர். மேல துடைச்சிருக்காரு. தையல் ஓட்டை வழியா உள்ள இறங்கினத எப்படித் துடைக்கிறது?"

"ஏய், சும்மா இரு," என்றார் அவர்.

டாக்டரம்மா ஃபோமைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இந்த நிலைமையில வலைய வச்சா கிருமி அதுல குடியேறிடும். அப்புறம் வலையையும் எடுக்கணும், வயித்தையும் மறுபடி திறக்கணும். முதல்ல புண்ணு ஆறட்டும்."

மறுநாள் அந்த இடத்தைச் சுத்தம் மட்டும் செய்தார்கள். முதல் ஆபரேஷனில் போட்ட நைலான் முடிச்சு ஒன்று சீழ் கட்டி உள்ளே கிடந்ததாம், எடுத்துவிட்டார்கள். வலைக்கு இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நானும் இறங்கிப் போகவில்லை. காப்பாற்றியவள் நான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது அவரா? பற்றிக்கொண்டு வந்தது.

பத்தாம் நாள் மத்தியானம், மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றை ஒவ்வொரு பக்கமாக மேஜைமேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். வந்து மறுமுனையைப் பிடிக்கக் குனிந்தார்.

"கைய எடுங்க," என்றேன்.

எடுத்தார். நான் ஏற்றி முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

"தூக்கத்துல புரண்டு படுக்கும்போதெல்லாம் இடுப்பப் புடிச்சிக்கிட்டு முனகுற. உனக்கே தெரியாது. ஒரு வருஷமா கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன். இன்னும் ஆறு மாசம் எப்படிடி கேக்குறது?"

அவரைத் திட்ட ஒன்பது நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.