யானைக்கு உயிர்த்தெழுதல் உண்டா?

போதகர் பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. யாருக்கோ சீட்டுக் கிழியப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஐம்பதுகளில் தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். என் வகுப்புக்கும் பெரிய டீச்சர் வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் என் பிள்ளைகளுக்குக் கழித்தல் மறந்துபோகும், எனக்கும்தான். கதை அவரே கட்டியது. பேசும் மிருகங்களின் காடு, அதை ஆட்டிவைக்கும் பொல்லாத நரி, காட்டுக்காக உயிரைக் கொடுத்து மூன்றாம் நாள் எழுந்து வரப்போகும் வெள்ளை யானை. யானை யாரைக் குறிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையார் பூஜை நடக்கிறது என்று சபையில் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

யானை இரட்சகரைத்தான் குறிக்கிறது என்று டீச்சர் விளக்கிச் சொன்னதும் போதகருக்குக் கோபம் இரட்டிப்பானது. "மிருகத்துக்கு ஆத்துமாவே கெடையாதும்மா. அது எப்படி உயிர்த்தெழும்? இன்னைக்கு அது சாகட்டும், அதோட முடிச்சிடுங்க. இனிமே கதையே வேணாம்." பெரிய டீச்சரின் முகம் சுருங்கிவிட்டது. தனிக்கட்டையான அவர் அந்த ஒரு மணிக்காகத்தான் வாரம் முழுவதும் காத்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை; கடைசி மணிக்குப் போதகரும் நானும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். டீச்சர் தழுதழுத்த குரலில் யானையைக் கொன்றார். என் கண் கலங்கிய அதே நொடியில் வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது.

"செத்துச்சா! நல்லா வேணும்!" என்றான் ஒருவன். "எங்க கொல்லைல ஒரு கதிரு விடல டீச்சர்!"

அந்த வருஷம் யானைக்கூட்டம் ஊர் ராகியில் பாதியை மொட்டையடித்திருந்தது. வெளியூர்க்காரர்களான எங்கள் மூவருக்கும் அது உறைக்கவே இல்லை.

இரட்சகர் செத்ததற்குக் கைதட்டலா! போதகர் துள்ளி எழுந்தார். "எழுப்புங்கம்மா! அந்த யானைய உடனே எழுப்புங்க!"

"ஆத்துமா இல்லைன்னீங்களே, ஐயா?" என்றார் டீச்சர்.

"அத நான் பாத்துக்கறேன்!"

முன்வரிசைச் சிறுமி கையைத் தூக்கினாள். "எழுந்து வரட்டும் டீச்சர். ஆனா ராகி அறுப்பு முடிஞ்சப்புறம் வரச் சொல்லுங்க."

டீச்சர் போதகரைப் பார்த்தார். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மூணாம் நாள்தான். அதுல மாத்தமில்ல," என்றார். "வேணும்னா, ராகி திங்காதுன்னு சேத்து, அடுத்த வெள்ளிக்கிழமை நல்லா நீட்டிச் சொல்லுங்க."