டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தவர்

எங்கள் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கோவளத்துக்காரர். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத தடித்த மணிக்கட்டு. மற்ற மூவரும் கல்பாக்கம் டவுன்ஷிப் பையன்கள். அதில் நான் பேஸ் கிடார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகளில் வாசித்தோம். சினிமாப் பாட்டு பாடினால்தான் கூட்டம் நிற்கும் என்பான் பாடகன். சொந்தப் பாட்டைத் தவிர எதையும் தொட மாட்டேன் என்பான் லீட் கிடார்காரன். ஒத்திகைக்கு ஒத்திகை இதே சண்டை. அது தொடங்கியதும் பாய் டிரம் தோலை இறுக்கும் சாவியை எடுத்து, ஏற்கெனவே முறுக்காக இருக்கும் டிரம்மை இன்னும் கொஞ்சம் முறுக்குவார்.

ஒருநாள் நிகழ்ச்சி முடிந்ததும் சிம்பல் தட்டுகளைக் கழற்றி உறையில் போட்டபடி, "இனிமே நான் வரல" என்றார்.

"அவனுங்க சண்டைக்கு நீங்க ஏன் பாய் போறீங்க?" என்றேன்.

"சண்டை போட்டா இன்னா நைனா, போட்டுக்கினு போறாங்க. முன்னல்லாம் பாட்டு முடியறப்ப மூணு பேரும் என்னைத் திரும்பிப் பாப்பீங்க. கடைசி அடி ஒண்ணா வுழும். இப்ப ஆளாளுக்கு முடிச்சுக்கினு கீறீங்க."

அவர் போன கொஞ்ச நாளில் குழு கலைந்தது.

சில வருடங்கள் கழித்து, செங்கல்பட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசைக் குழுவோடு அவரைப் பார்த்தேன். பாட்டு முடியும் இடத்தில் அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டே கடைசி அடியைப் போட்டார்.

எங்களோடு வாசித்தபோதும் அப்படிச் சிரிப்பாரா என்று பந்தியில் உட்கார்ந்து யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.