பாவு காய்கிற வரைக்கும்

என் சித்தி மகளை நான் சென்னையிலிருந்து கூட்டிவந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். மாகறல் பக்கம் அவள் ஊர். பம்பாயில் வீட்டு வேலை, வயிறாரச் சாப்பாடு என்று ஆசை காட்டி அழைத்துப்போன ஒருத்தி, அங்கே அவளை விற்றுவிட்டாள். போலீஸ் மீட்டுச் சென்னையில் ஒரு காப்பகத்தில் சேர்த்தது. "அவளைத் தலைமுழுகிட்டோம்மா" என்றார் சித்தப்பா. முழுகினால் முழுகட்டும், எனக்கென்ன என்று நான் போய்க் கூட்டிவந்தேன். பட்டு நெய்கிற எங்கள் தெருவில், சென்னையில் வேலை செய்தவள், உடம்புக்கு முடியாமல் வந்திருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். அந்தப் பொய்க்கு இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை.

முதலில் கதவு தட்டினாலே நடுங்குவாள். பிறகு மெல்ல மெல்லத் தறி வேலைக்குக் கை கொடுக்க ஆரம்பித்தாள். எதிர்வீட்டுப் பெண்ணோடு பழக்கமானது. மாலையில் இரண்டும் ஒன்றுக்கொன்று தலைபின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சிரிப்புச் சத்தம் உள்ளே கேட்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பாவு, தறியில் ஏற்றவேண்டிய நீளவாட்டு நூல், வெளியே வந்தால் யாரும் அழைப்புக்குக் காத்திருக்க மாட்டார்கள். விடிந்ததும் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். ஒட்டுகிற இழைகளைக் காய்வதற்குள் பிரித்துவிட வேண்டும். பாதியில் கையை எடுத்தால் மொத்தமும் பாழ். அதனால் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்து நிற்கும்.

அன்றைக்கு எதிர்வீட்டுப் பாவு. வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. நல்ல புடவையும் தலை நிறையப் பூவுமாக ஒரு அம்மாள் இறங்கினாள். அந்த வீட்டுப் பெண்ணைப் பம்பாய்க்கு, ஒரு டாக்டர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள அழைத்துப்போகிறாளாம். கண் பட்டுவிடும் என்று பெற்றவள் அதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

"பாவு காயட்டும்மா, அப்புறம் கூட்டிக்கினு போங்க. பொண்ணு கையும் வேணும்" என்றார் தகப்பன். வந்தவள் வெற்றிலை போட்டுக்கொண்டு நிழலில் நின்றாள்.

என் பக்கத்தில் தங்கையின் விரல்கள் நின்றுபோயின. இன்னாடி என்றேன். "அவதான்க்கா" என்றாள்.

"நீ வாயைத் திறக்காத, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தகப்பனைப் பார்த்துக் கத்தினேன். "இவகூட பொண்ணை அனுப்பாதீங்க. பொண்ணுங்கள விக்கிறவ இவ."

வந்தவள் பதறவே இல்லை. "உனக்கு யாரும்மா சொன்னது? கண்ணால பார்த்தவங்க இருந்தா வரச் சொல்லு" என்று சிரித்தாள். தெரு முழுக்க என்னைப் பார்த்தது. யார் சொன்னது என்று நான் எப்படிச் சொல்வேன்?

"என்னை வித்தா" என்றாள் என் தங்கை. "என்னைத்தான் வித்தா. இவதான்." நூலிலிருந்து கையை எடுக்காமல், எல்லார் முன்னாலும் சொன்னாள்.

தகப்பன் முகம் வெளுத்துவிட்டது. "என் பொண்ணு வராது, நீ போ" என்றார். அவளைப் பிடித்துப் போலீசில் கொடுங்கள் என்று நான் அலறினேன். "பாவு ஈரமா இருக்குது, எப்பிடிமா விடறது?" என்றார் ஒருவர். ஒருத்தரும் நூலை விடவில்லை. அவள் ரிக்‌ஷாவில் ஏறிப் போயே போய்விட்டாள். பாவு காய்ந்தபிறகு ஆண்கள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள். அங்கே அவள் இல்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த வாரமே வேறு எந்த ஊரில் யார் வீட்டு வாசலில் போய் நின்றாளோ.

சாயங்காலம் எதிர்வீட்டுத் தாய் வந்தாள். என் தங்கையைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள்.

"உன் தங்கச்சி நல்லா இருக்கணும்மா. ஆனா நாளைக்கு என் பொண்ணுக்கு ஒரு கல்யாணம் ஆவணுமில்ல? இனிமே இதுங்க ரெண்டும் பேசிக்க வேணாம்."

"வாய் கூசலையா உனக்கு?" என்று நான் எழுந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தத் தாய் போகிறவரை பிடியை விடவில்லை.

"விடுக்கா" என்றாள். "என்னோட பேசலைன்னா போவுது. அந்தப் பொண்ணு அவங்க வீட்டுல இருக்குது இல்ல."