இரண்டாவது விரலின் நகம்

நெல்லிவாசல் பக்கத்து மலையூரிலிருந்து இறங்கி, அடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. வகுப்பில் மலையிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் வௌவால் கறி தின்போம் என்பதை மூன்று வருடமும் யாரிடமும் சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்காரும் தோழி, வாணியம்பாடித் தோல் வியாபாரியின் மகள். அவளிடம்கூட மூச்சு விடவில்லை.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வுக்கு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்தார். மேசையில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் நாங்கள் வழக்கமாக அறுக்கும் பெரிய தவளை. மற்றதில் பழந்தின்னி வௌவால்.

"ரெண்டோட முன்னங்காலையும் ஒப்பிட்டுச் சொல்லும்மா."

தவளைக்கு முன்கை எலும்பு இரண்டும் ஒட்டி ஒன்றாகியிருக்கும், விரல் நான்கு, நகம் கிடையாது என்றேன். வௌவாலுக்கு விரல் ஐந்து, அதில் நான்கு குடைக்கம்பி போல நீண்டு இறக்கையைத் தாங்கும். "கட்டைவெரல்லயும் அடுத்த வெரல்லயும் நகம் இருக்குங்க சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கட்டைவிரல்ல மட்டுந்தான். சரியா படிக்கலியா?"

ஆமாம் என்று தலையாட்டினால் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த இரண்டாவது நகம் எத்தனை முறை என் உள்ளங்கையைக் கீறியிருக்கிறது!

"இல்லீங்க சார். பூச்சி தின்னுற சின்ன வௌவாலுக்குத்தான் ஒண்ணு. இதுக்கு ரெண்டு. நானே உரிச்சிருக்கேங்க. எங்க வூட்ல கொழம்பு வைப்போம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் வௌவாலை வெளியே எடுத்து, இறக்கையை விரித்து, லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இருக்கு," என்றார். பிறகு கடைசி மேசைவரை கேட்கும்படி, "இந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு."

சிரித்தவர்கள் எழுந்து வந்து அந்த நகத்தை எட்டிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் தோழி என் முதுகில் ஒன்று வைத்தாள். "மூணு வருசமா எங்க வூட்டு பிரியாணிய தின்னுட்டு, உங்க வூட்டுக் கொழம்பப் பத்தி ஒரு வார்த்த சொன்னியாடி?"

மறுநாள் ஊருக்குப் போனபோது அப்பா சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"இன்னாது? தவளைக்கும் வௌவாலுக்குமா பரீட்ச?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் பாறைமேல் ஏறி நின்று, பக்கத்துக் கொல்லைக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"எம்பொண்ணு வாத்தியாரையே ஜெயிச்சுட்டு வந்துக்கிறா, கேட்டுக்கோ!"